யூரின் கல்ச்சரில் ஓயாமல் "மிக்ஸ்டு க்ரோத்": மீடியா கோளாறா, சாம்பிள் கோளாறா?

டெல்டா லேப்:

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறேன். 80 பெட். டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்ததிலிருந்து பயோகெமிஸ்ட்ரி பக்கம்தான் இருந்தேன். கல்ச்சர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வெளிநாடு கிளம்பிவிட்டதால் அந்த டேபிள் இப்போ என் தலையில். மைக்ரோபயாலஜி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் போன்தான்.

யூரின் கல்ச்சரில் பாதிக்குப் பாதி மிக்ஸ்டு க்ரோத் வருது. ஒரே பிளேட்டில் மஞ்சள் காலனி, நீலப் பச்சைக் காலனி, ஊசிமுனை மாதிரி குட்டிக் காலனின்னு மூணு நாலு ரகம். ஓபியில் வாங்குற சாம்பிள் பரவாயில்லை, வார்டிலிருந்து வர்றதுதான் மோசம். சிஎல்இடி பிளேட் (யூரின் கிருமியை வளர்க்கிற மீடியா) நாங்களே ஊற்றுகிறோம். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஒன்றிரண்டு வெறும் பிளேட்டை இன்குபேட்டரில் ராத்திரி பூரா விட்டுப் பார்த்தேன், மறுநாள் சுத்தமாகத்தான் இருக்கு.

பிளட் கல்ச்சர் வேற கதை. பெரியவங்க பாட்டிலில் 2, 3 மி.லி. ரத்தம் வருது, அதுவும் ஒரே ஒரு பாட்டில். ஏதாவது வளர்ந்தா கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப், அதாவது சாதாரணமாகத் தோலில் இருக்கிற கிருமி. சளின்னு அனுப்புற டப்பாவைத் திறந்தா எச்சில்.

டியூட்டி டாக்டர், "உன் லேப்ல எதைக் கொடுத்தாலும் மிக்ஸ்டுதான் வருது, முதல்ல மீடியா கம்பெனியை மாத்து"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். மேனேஜர், "ரிப்பீட் சாம்பிள்னு எழுதாதே, திரும்பக் காசு கட்டணுமான்னு பேஷன்ட் சண்டைக்கு வர்றாங்க"ங்கிறார்.

மீடியாவை மாற்றிப் பார்க்கணுமா? சாம்பிளைத் திருப்பி அனுப்ப எனக்கு உரிமை இருக்கா? இல்லை, மிக்ஸ்டில் அதிகமாக இருக்கிற காலனியை மட்டும் எடுத்து சென்சிட்டிவிட்டி (எந்த மருந்துக்கு அடங்கும்னு பார்க்கிற டெஸ்ட்) போட்டுக் கொடுத்திடலாமா? முன்னாடி இருந்த அண்ணன் அப்படித்தான் சமாளிச்சிருப்பார் போல, பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினா மிக்ஸ்டுன்னு ஒரு ரிப்போர்ட்கூட இல்லை.


பழைய லூப்:

ஏம்மா, ஓபி சாம்பிள் நல்லா வருது, வார்டு சாம்பிள்தான் கெட்டு வருதுன்னு நீயே எழுதிட்டே. சிஎல்இடி பிளேட்டுக்கு ஓபி எது, வார்டு எதுன்னு தெரியுமா? மீடியா கெட்டிருந்தா ரெண்டும் சேர்ந்தே கெட்டிருக்கும். கம்பெனியை மாத்தி காசைக் கரைக்காதே. ஒரு திருப்திக்கு 25922 ஈ. கோலையையும் (மீடியாவைச் சோதிக்கன்னே வெச்சிருக்கிற கிருமி ரகம்) ஒரு ஸ்டாஃப் ஆரியஸையும் கோடு இழுத்துப் பாரு. ஒரு புரோட்டியஸும் போடு, அது தட்டு பூரா பரவாம தனித்தனி காலனியா நின்னா மீடியா ஒழுங்காத்தான் இருக்கு. டாக்டர் கேட்டா அந்த பிளேட்டைக் காட்டு.

நான் அரசு மருத்துவக் கல்லூரி லேப்ல கல்ச்சர் டேபிள்ல உக்காந்தே தலை நரைச்சவ. இப்ப ரிடையர்டு. அந்த டேபிள்ல உக்காந்துகிட்டு நீ எதைத் திருத்தினாலும் பிளேட் திருந்தாது. சாம்பிள் எடுக்குற இடத்துக்கு நீ போகணும். போய் மொதல்ல ஒரு கேள்வி கேளு: இது எத்தனை மணிக்குப் பிடிச்சது?

வார்டுல யூரின் காலையில 5 மணிக்குப் பிடிப்பாங்க. உன் கைக்கு எப்ப வருது? 9 மணி இருக்குமா? ஈ. கோலை வசதியான இடத்துல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். யூரின்ல அவ்வளவு வேகம் வேணாம், பாதி வேகம்னே வெச்சுக்கோ, 40 நிமிஷம். 4 மணி நேரத்துல 6 தடவை ரெட்டிச்சா 64 மடங்கு. 5 மணிக்கு மி.லி.க்கு 2000 இருந்தது 9 மணிக்கு 1,28,000. அமெரிக்காவுல எட்வர்ட் காஸ் 1950கள்ல போட்டுக் கொடுத்த "மி.லி.க்கு ஒரு லட்சம் இருந்தா இன்ஃபெக்‌ஷன்"ங்கிற கோட்டை நாம இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கோமே, அந்தக் கோட்டைத் தாண்டியாச்சு. அந்த அம்மாவுக்கு இன்ஃபெக்‌ஷனே கிடையாது. தோல்ல இருந்து சொட்டோட சொட்டா இறங்கின நாலு பூச்சி, ஜன்னலோர மேஜையில குடும்பம் பெருக்கிடுச்சு, அவ்வளவுதான்.

அதனால 2 மணி நேரத்துக்குள்ள பிளேட்ல ஏறணும். முடியாதா, 4 டிகிரி ஃபிரிட்ஜ்ல வை, 24 மணி நேரம் தாங்கும். போரிக் ஆசிட் போட்ட கண்டெய்னர் வாங்கித் தந்தாங்கன்னா வெளியவே வைக்கலாம், ஆனா அதுல குறிச்ச கோடு வரைக்கும் யூரின் நிரம்பணும். கொஞ்சமா ஊத்தினா போரிக் ஆசிட் வீரியம் கூடி இருக்கிற கிருமியையும் அமுக்கிடும்.

அடுத்தது, எப்படிப் பிடிக்கிறாங்க? ஒருநாள் வார்டு பாத்ரூமைப் போய்ப் பாரு. பாதி நேரம் பல்பு எரியாது. அறுபது எழுபது வயசு அம்மா, ஒரு கையில சேலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கும், இன்னொரு கையில குறுகின வாய் டப்பா, மூடியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம பல்லுல கடிச்சிருக்கும். "மிட்ஸ்ட்ரீம் பிடிங்கம்மா"ன்னு சொன்னா அதுக்கு என்ன புரியும்? நான் சொல்றது இப்படி: "வெறும் தண்ணியில முன்னாடியிருந்து பின்னாடி கழுவிக்கோங்க. டெட்டால் வேணாம், சோப்பு வேணாம். விரலால விலக்கிப் பிடிச்சுக்கோங்க. முதல்ல வர்றதைக் கீழ விட்டுடுங்க. நடுவுல வர்றப்ப டப்பாவை நீட்டுங்க. கடைசியில வர்றதும் வேணாம். மூடியோட உள்பக்கத்தைத் தொடாதீங்க, கவிழ்த்தும் வைக்காதீங்க." இதைப் பெரிய எழுத்துல அடிச்சு பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டு. வெளிப்பக்கம் ஒட்டினா யாரும் படிக்க மாட்டாங்க. வாய் அகலமான டப்பா வாங்கச் சொல்லு. டெட்டால் ஏன் வேணாம்னா, அது ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் நிஜமான கிருமியும் செத்து, "நோ க்ரோத்"னு பொய் ரிப்போர்ட் போகும்.

கதீட்டர் போட்ட பேஷன்ட்டா? யூரோபேக்ல இருந்து திறந்து ஊத்தி அனுப்பியிருப்பாங்க, நான் பந்தயம் கட்டுறேன். பேக்ல ராத்திரியெல்லாம் தேங்கினது அது. கதீட்டர் குழாயில இருக்கிற சாம்பிளிங் போர்ட்டை ஸ்பிரிட்ல துடைச்சு சிரிஞ்சால உறிஞ்சணும்.

உன் கையிலயும் ஒண்ணு இருக்கு. 0.001 மி.லி. லூப்பை (யூரினை அளந்து எடுக்கிற வட்டக் கம்பி) நேரா, செங்குத்தா இறக்கி, யூரின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழ நனைச்சு, நேரா தூக்கணும். சாய்ச்சு ஆழமா முக்கினா கம்பி மேல ஒட்டிக்கிட்டு கூடுதலா வரும். அதுல ஒரு காலனின்னா மி.லி.க்கு 1000, நூறு காலனின்னா ஒரு லட்சம். நிக்ரோம் லூப்பை அடிக்கடி சுட்டுச் சுட்டு வட்டம் கோணிப்போகும், கோணின லூப்பால கணக்கு போடாதே.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். அதிகமா இருக்கிற காலனியை எடுத்து சென்சிட்டிவிட்டி போட்டுக் கொடுக்கவே கூடாது. நீ ஒரு பேரையும் பக்கத்துல நாலு "எஸ்"ஸையும் (சென்சிட்டிவ், அந்த மருந்து கேக்கும்னு அர்த்தம்) எழுதிட்டா, அந்த டாக்டர் அதை நம்பி மருந்து எழுதத்தான் செய்வார். காய்ச்சலுக்கு நிஜக் காரணம் நெஞ்சுலயோ கல்லீரல்லயோ உக்காந்திருக்கும். மூணு ரகம், அதுக்கு மேலன்னா "மிக்ஸ்டு க்ரோத், கன்டாமினேஷனா இருக்கலாம், புதுசா சாம்பிள் அனுப்பவும்"னு எழுது. ரெண்டு ரகம்னா சீழ் செல் இருக்கான்னு பாரு, கதீட்டரா, சர்க்கரையான்னு கேளு, பிறகு முடிவு பண்ணு. மிக்ஸ்டே இல்லாத ரிஜிஸ்டரை நான் நம்ப மாட்டேன்.

திருப்பி அனுப்ப உரிமை இருக்கா? திரும்ப எடுக்க முடியற சாம்பிள்னா இருக்கு: யூரின், சளி, மலம். முதுகுத்தண்டு நீர், ஆபரேஷன்ல எடுத்த திசு, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம், இதையெல்லாம் பேர் சீட்டு சரியில்லைன்னாகூடக் கொட்டிடாதே. கல்ச்சரைப் போட்டுட்டு சண்டையை அப்புறம் வெச்சுக்கோ. எதைத் திருப்பினாலும் யார்கிட்ட எத்தனை மணிக்கு போன்ல சொன்னேன்னு ரிஜிஸ்டர்ல எழுது. மேனேஜர்கிட்ட, ரிப்பீட்டுக்குக் காசு வாங்க வேணாம்னு சொல்லிப் பாரு. சண்டை பாதி அங்கயே தீர்ந்துடும்.


நைட் டியூட்டி:

நான் வார்டு சிஸ்டர். அக்கா எழுதினதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா எங்க பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க.

5 மணிக்கு ஏன் பிடிக்கிறோம்? 7 மணிக்கு ஹேண்ட் ஓவர், 8 மணிக்கு ரவுண்ட்ஸ். "யூரின் அனுப்பியாச்சா"ன்னு கேட்டா அனுப்பியாச்சுன்னு சொல்லணும். லேப்ல கல்ச்சர் வாங்குற ஆள் 8.30க்குத்தான் வருவாங்க. அதுக்கு முன்னாடி கொண்டுபோனா கவுண்டர்ல வெச்சுட்டுப் போங்கம்பாங்க. வார்டு ஃபிரிட்ஜ்ல இன்சுலினும் ஊசி மருந்தும் இருக்கு, அதுக்குள்ள யூரினை வைக்க விட மாட்டாங்க, வைக்கவும் கூடாது. அப்ப எங்கதான் வைக்கிறது சொல்லுங்க? லேப் வாசல்ல பூட்டு போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒண்ணு வெச்சு, சாவியை நைட் சிஸ்டர்கிட்ட கொடுங்க. இதை எங்க ஆஸ்பத்திரியில கேட்டுக் கேட்டு ஒருவழியா வாங்கினோம்.

பிளட் கல்ச்சர் பத்தி. ராத்திரி ஒரு சிஸ்டருக்கு முப்பது பேஷன்ட். காய்ச்சலோட ஒருத்தர் வர்றார். கேசுவால்ட்டியிலயே செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் ஏத்திட்டு மேல அனுப்புறாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ஷீட்ல "பிளட் சி அண்ட் எஸ்"னு (கல்ச்சரும் சென்சிட்டிவிட்டியும்) எழுதுறாங்க. வயசானவர், வெயின் கிடைக்காது. டிரிப்ஸ் ஏத்துற வென்ஃப்ளான் குழாய் போடுறப்ப அதுலயே இழுத்துடுவோம், ரெண்டாவது தடவை குத்தினா பேஷன்ட்டோட மகன் சண்டைக்கு வருவார். 10 மி.லி. எடுத்தா "இவ்வளவு ரத்தமா"ன்னு வீட்டுக்காரங்க வாய்விட்டே கேப்பாங்க. 3 மி.லி. வந்ததே பெருசுன்னு பாட்டில்ல விட்டுடுறோம். எவ்வளவு வேணும்னு லேப்ல இருந்து இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லை. பாட்டில் மேல ஒரு கோடு போட்டுக் கொடுத்தாக்கூடப் போதும்.


பழைய லூப்:

சிஸ்டர் சொல்றதுல நூத்துக்கு நூறு நியாயம். சாவி விஷயத்தை அப்படியே எடுத்துக்கோம்மா.

பாட்டில்ல கோடு போடுறது ரொம்ப நல்ல யோசனை. லேபிள்ல, இப்ப உள்ள மீடியா திரவம் இருக்கிற மட்டத்துல ஒரு கோடு, அதுக்கு மேல 10 மி.லி. ஏறினா எங்க நிக்கும்னு இன்னொரு கோடு, ஸ்கெட்ச் பேனாவால போட்டு அனுப்பு. பெரியவங்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேணும், ரெண்டு கையில தனித்தனியா ரெண்டு தடவை. பெரியவங்க ரத்தத்துல கிருமி ரொம்ப அரிதாத்தான் மிதக்கும், ஒரு மி.லி.க்கு ஒண்ணுகூட இல்லாம இருக்கலாம். 3 மி.லி. எடுத்தா அது அந்த 3 மி.லி.யில இல்லாமலே போகலாம். குழந்தைக்கு அப்படி இல்லை, 1 முதல் 3 மி.லி. எடுத்து குழந்தைங்க பாட்டில்ல விட்டா போதும்.

தோலை குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால அழுத்தித் தேய்ச்சு, அரை நிமிஷம் காய விடணும். ஈரத்தோட குத்துறதுதான் எல்லாரும் பண்றது. காயுறப்பதான் அது கொல்லும். தேய்ச்சப்புறம் "வெயின் எங்க"ன்னு விரலால திரும்பத் தடவினா தேய்ச்சதே வீண். பாட்டில் மூடியைப் பிச்சதும் அடியில ஒரு ரப்பர் தெரியும் பாரு, அது ஸ்டெரைல் கிடையாது. அதையும் ஸ்பிரிட் பஞ்சால துடைக்கணும். மத்த டியூப்புக்கெல்லாம் ரத்தம் விட்டுட்டு மிச்சத்தை கல்ச்சருக்கு விடக்கூடாது, கல்ச்சர் பாட்டில்தான் மொதல்ல. வென்ஃப்ளான்ல இழுக்காம தனியாக் குத்தினாலே பாதி ஸ்டாஃப் காணாமப் போயிடும்.

ரெண்டு பாட்டில் எதுக்குன்னு கேப்பாங்க. ஒரு பாட்டில்ல மட்டும் கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப் வந்தா பெரும்பாலும் தோல்ல இருந்து வந்தது. ரெண்டு கையிலயும் அதே வந்தா, அதுவும் சென்ட்ரல் லைனோ செயற்கை வால்வோ இருக்கிறவர்னா, அலட்சியம் பண்ணாதே. ஒரே பாட்டில்தான் அனுப்புறாங்கன்னா இதை உன்னால சொல்லவே முடியாது, கடவுளாலயும் முடியாது. கன்டாமினேஷன் நூத்துக்கு மூணுக்குக் கீழ இருக்கணும்ங்கிறது எல்லா ஊர் லேப்பும் வெச்சிருக்கிற கணக்கு. மாசா மாசம் எண்ணி, வார்டு வாரியா எழுதி டாக்டர்கிட்ட நீட்டு. யார் வார்டுல எத்தனைன்னு தாள்ல வந்துட்டா மீடியா கம்பெனி பேச்சு தானா நின்னுடும்.

மருந்து ஏறிட்டா? அடுத்த டோஸ் ஏத்துறதுக்குச் சற்று முன்னாடி எடுங்க. எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதீங்க. யூரினுக்கு ஃபிரிட்ஜ், ரத்த பாட்டிலுக்கும் முதுகுத்தண்டு நீருக்கும் ஃபிரிட்ஜ் கூடவே கூடாது. மூளைக்காய்ச்சல் மெனிஞ்சோகாக்கஸ் குளிர்ல செத்துப்போகும். சாவி கொடுக்குறப்ப ஃபிரிட்ஜ் கதவுல இதையும் ஒட்டிடு, இல்லைன்னா எல்லாத்தையும் உள்ள தள்ளிடுவாங்க.

இன்னொண்ணு, எரிச்சல்ல சொல்றேன்: டைஃபாய்டுன்னு சந்தேகம் வந்தா முதல் வாரத்துல பிளட் கல்ச்சர் கேக்காம, ஒரே ஒரு வைடாலை (ரத்தத்துல டைஃபாய்டு எதிர்ப்புப் பொருள் பார்க்கிற டெஸ்ட்) போட்டு "1க்கு 160 பாசிட்டிவ்"னு மருந்து எழுதுற பழக்கம் நம்ம ஊரை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சளி சீக்கிரம் முடிஞ்சிடும். கிராம் ஸ்டெயின் (கிருமிக்கும் செல்லுக்கும் சாயமேத்துறது) போட்டு மைக்ரோஸ்கோப்புல 10எக்ஸ்ல பாரு. ஒரு ஃபீல்டுல தட்டையான எபிதீலியல் செல் 10க்கு மேல, சீழ் செல் 25க்குக் கீழன்னா அது எச்சில், கல்ச்சர் போடாதே. பேஷன்ட்டை "காறித் துப்புங்க"ன்னு சொல்லக்கூடாது, தொண்டையில இருக்கிறதுதான் வரும். வாயைக் கொப்பளிச்சுட்டு, ஆழமா மூச்சை இழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லணும்.


டெல்டா லேப்:

அக்கா, சிஸ்டர், ரெண்டு பேருக்கும் நன்றி. வார்டுக்குப் போனேன். யூரோபேக் பந்தயத்தில் அக்காவுக்குத்தான் ஜெயம். ஃபிரிட்ஜ் சாவி இப்போ நைட் சிஸ்டர்கிட்ட. காலையில் டப்பா மேல நேரம் எழுதி வருது. மிக்ஸ்டு கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் குறைஞ்சிருக்கு. டியூட்டி டாக்டர் இன்னும் மீடியாவைத்தான் சந்தேகப்படுறார், அது போகட்டும்.

இப்போ வேற ஒண்ணு. 50 வயசு விவசாயி, சர்க்கரை இருக்கு, மழைக்கப்புறம் பத்து நாளாகக் காய்ச்சல், தொடையில் ஆழத்தில் சீழ்க்கட்டி. சர்ஜன் கீறிவிட்டு ஒரு ஸ்வாப் அனுப்பினார், காய்ந்துபோய் வந்தது. முதல் நாள் பிளட் அகாரில் தூள் தூளாகக் கொஞ்சம் காலனி. ஸ்வாப் காய்ந்ததால ஏதோ கன்டாமினேஷன்னு தூக்கிப் போட இருந்தேன், வேலை அதிகமாக இருந்ததால இன்குபேட்டரிலேயே கிடந்தது. மூணாவது நாள் பார்த்தா காலனியெல்லாம் உலர்ந்து, மேலே சுருக்கம் விழுந்து நிக்குது. மக்காங்கி மீடியாவில் முதலில் நிறமில்லை, இப்போ லேசான ரோஸ். கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ். எதுக்கும் இருக்கட்டும்னு இரண்டாவது நாள் சென்சிட்டிவிட்டியும் போட்டிருந்தேன்: ஜென்டாமைசின், பாலிமிக்சின் ரெண்டு மருந்து டிஸ்க்கைச் சுற்றியும் விளிம்பு வரை க்ரோத், ஆக்மென்டினைச் சுற்றி மட்டும் க்ரோத் இல்லாத பெரிய வட்டம். சூடோமோனாஸ்னு ரிப்போர்ட் எழுதிடலாமா? நம்ம டாக்டர் போனை எடுக்கலை. மண்வாசனை மாதிரி ஏதோ வருதுன்னு நினைக்கிறேன், திறந்து இன்னொரு தடவை பார்க்கட்டுமா?


மைக்ரோ டாக்டர்:

திறக்காதீங்க. முகர்ந்தும் பார்க்காதீங்க. பிளேட் ஓரத்தில் சுற்றி டேப் ஒட்டி, "திறக்க வேண்டாம்" என்று எழுதித் தனியாக வையுங்கள். பிறகு மேலே படியுங்கள். நான் மைக்ரோபயாலஜி எம்டி, கல்லூரி ஒன்றில் வேலை.

சூடோமோனாஸ் என்று எழுத வேண்டாம். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு ஆக்மென்டின் இயல்பிலேயே வேலை செய்யாது, பாலிமிக்சின் பொதுவாக வேலை செய்யும். உங்கள் பிளேட்டில் இருப்பது நேர் தலைகீழ். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் ஒன்று, ஜென்டாமைசினுக்கும் பாலிமிக்சினுக்கும் அடங்காமல் ஆக்மென்டினுக்கு அடங்கினால், இல்லையென்று நிரூபணமாகும் வரை அதை பர்கோல்டேரியா சூடோமாலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். சர்க்கரை, வயல் வேலை, மழைக்காலம், ஆழத்தில் சீழ், மூன்றாம் நாள் சுருங்கும் காலனி: நீங்கள் எழுதிய எல்லாமே அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. கிராம் ஸ்லைடை மறுபடி பாருங்கள், இரு முனையும் அடர்ந்து நடு வெளுத்து சேஃப்டி பின் போலத் தெரியலாம். தெரியாவிட்டாலும் சந்தேகத்தை விட வேண்டாம்.

இது வெளிநாட்டு வியாதி இல்லை. 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதன்முதலில் எழுதியது. இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தமிழ்நாட்டிலும் தொடர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடிக்காத இடங்களில் "சூடோமோனாஸ் ஸ்பீஷிஸ்" என்றோ "கன்டாமினேஷன்" என்றோ பிளேட் குப்பைக்குப் போய்விடுகிறது. மேலே அம்மா கன்டாமினேஷனைக் குறைப்பது பற்றி அருமையாகச் சொன்னார். அதன் மறுபக்கம் இது: ஆழத்திலிருந்து எடுத்த சீழிலோ ரத்தத்திலோ வந்த கிராம் நெகட்டிவ் எதையும், காலனி குறைவு என்பதற்காகத் தூக்கிப் போடக்கூடாது. அந்த மாதிரி பிளேட்டை மூன்று நான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் இது காட்டிக்கொடுக்காது.

இப்போதே செய்ய வேண்டியது, சிகிச்சை பார்க்கும் டாக்டரை நேரில் பார்த்துச் சொல்வது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பேஷன்ட் செஃப்ட்ரியாக்சோனில் இருந்தால் அது இதற்குச் சரியான மருந்து அல்ல. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பிறகு கோட்ரைமாக்சசோல் 3 மாதமாவது வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். அளவை அவர் முடிவு செய்வார், நீங்கள் கிருமியின் பெயரைச் சந்தேகமாகச் சொன்னால் போதும். ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன் இரண்டு செட் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், கல்லீரல், மண்ணீரலுக்கு ஒரு ஸ்கேனும்.

கிருமியை உறுதிப்படுத்த அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறைக்கு அனுப்புங்கள். போகும் முன் போன் செய்து என்ன சந்தேகம் என்று சொல்லிவிட வேண்டும், அங்கே பிளேட்டைத் திறப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டுமே. தானியங்கி மெஷின் சில சமயம் இதை செபேசியா (இன்னொரு பர்கோல்டேரியா) என்று காட்டும், அதை வைத்து விட்டுவிடாதீர்கள். இனி இந்தக் கல்ச்சரைத் தொடும் எந்த வேலையும் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (கிருமி காற்றில் வெளியேறாமல் தடுக்கும் பெட்டி) மட்டும். உங்களிடம் கேபினெட் இல்லையென்றால் தொடவே வேண்டாம். நீங்கள் திறந்த டேபிளில் வேலை செய்திருப்பீர்கள் என்று தெரிகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்லி வையுங்கள். உங்களுக்குச் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கட்டாயம் இன்றே சொல்லுங்கள்.


பழைய லூப்:

டாக்டர் சொன்னதுக்கு மேல நான் பேச ஒண்ணுமில்லை. ஸ்வாப் பத்தி மட்டும். சர்ஜன்கிட்ட போய் நில்லும்மா. சீழ் தளும்பத் தளும்ப வெளிய வர்றப்ப, அதுல ஒரு பஞ்சு நுனியை நனைச்சு அனுப்புறதை என்னால ஏத்துக்கவே முடியலை. அந்தப் பஞ்சுல ஒட்டுறது எவ்வளவு, உன் பிளேட்ல இறங்குறது எவ்வளவு? சிரிஞ்சால உறிஞ்சி, ஊசியைக் கழட்டிட்டு, மூடி போட்டு அனுப்பச் சொல்லு. ஸ்டெரைல் டப்பாவுல 2, 3 மி.லி. இருந்தா கிராம் பார்க்கலாம், பிளட் அகார், மக்காங்கி, டிபி எல்லாத்துக்கும் வரும். காத்து ஆகாத கிருமிக்கு வேணும்னா சிரிஞ்சுல இருக்கிற காத்தை வெளியேத்திட்டு உடனே அனுப்பணும். ஸ்வாப்தான் கிடைக்கும்னா ரெண்டு ஸ்வாப், ஒண்ணு கிராமுக்கு, ஒண்ணு கல்ச்சருக்கு, டிரான்ஸ்போர்ட் மீடியாவுல.


நைட் டியூட்டி:

எங்க தியேட்டர்ல இதே பேச்சு வந்தப்ப, சீழ்க்கட்டி டிரேயிலயே ஸ்டெரைல் டப்பாவையும் 5 மி.லி. சிரிஞ்சையும் சேர்த்து வெச்சுட்டோம். கைக்கு எட்டுற இடத்துல இருந்தா சர்ஜன் அதை எடுத்துக்குவார். ஸ்வாப் பாக்கெட்டை டிரேயில இருந்து எடுத்து அலமாரியில வெச்சுடுங்க.


டெல்டா லேப்:

டாக்டர் சார், உங்க பதிலைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. பிளேட்டை டேப் போட்டுட்டேன். சிகிச்சை பார்க்கிற டாக்டரை ஐசியூ வாசலிலேயே பிடிச்சுச் சொன்னேன். முதலில் "மெலி என்னது?"ன்னார், அப்புறம் சர்க்கரை, வயல், மழைன்னு சொன்னதும் நின்னு கேட்டார். மெரோபெனெம் ஆரம்பிச்சாச்சு, அதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் ரெண்டு கையில், பாட்டில் கோடு வரைக்கும் ரத்தம் வந்திருக்கு. ஸ்கேனில் மண்ணீரலிலும் குட்டிக் குட்டியாகக் கட்டி இருக்காம். மருத்துவக் கல்லூரிக்கு போன் பண்ணிட்டேன், நாளைக்குக் காலையில் கொண்டுவரச் சொன்னாங்க.

ரெண்டு சந்தேகம். கொண்டுபோகும்போது ஐஸ் வைக்கணுமா? இங்கே மிச்சம் இருக்கிற மக்காங்கி பிளேட்டையும் சென்சிட்டிவிட்டி பிளேட்டையும் என்ன பண்றது? ஹவுஸ்கீப்பிங் அக்கா சாயங்காலம் மருத்துவக் கழிவு மஞ்சள் பை எடுக்க வருவாங்க.


மைக்ரோ டாக்டர்:

ஐஸ் வேண்டாம், சாதாரண வெப்பமே போதும். பிளேட்டாகக் கொண்டுபோகாமல் ஸ்லான்ட்டில் (சாய்வாக மீடியா உறைந்த டியூப்) கொடுப்பதுதான் முறை, ஆனால் கேபினெட் இல்லாமல் நீங்கள் அதை மாற்ற வேண்டாம். டேப் ஒட்டிய அதே பிளேட்டை ஜிப் பையில் போட்டு, சுற்றிலும் ஈரம் உறிஞ்சும் பஞ்சு வைத்து, கசியாத கெட்டியான டப்பாவுக்குள் இறக்கி, அதை வெளிப்பெட்டியில் வையுங்கள். வெளியே அனுப்புபவர், பெறுபவர் இருவர் போன் எண்ணும் இருக்கட்டும். பஸ்ஸில் பார்சல் போட வேண்டாம், ஆஸ்பத்திரி வண்டியில் ஆள் கையோடு போகட்டும்.

மிச்ச பிளேட்டுகளை இன்று கொடுக்காதீர்கள். அவற்றையும் டேப் ஒட்டிப் பூட்டி வையுங்கள், அங்கே க்ரோத் வராமல் போனால் இவைதான் கையிருப்பு. ரிப்போர்ட் வந்த பிறகு ஆட்டோக்ளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், இண்டிகேட்டர் டேப் கறுத்ததா என்று பார்த்த பின்புதான் மஞ்சள் பை. கல்ச்சர் பிளேட் எதுவுமே ஆட்டோக்ளேவ் ஆகாமல் லேப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது, ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.


டெல்டா லேப்:

சொல்லிட்டேன் சார். இன்குபேட்டர் கீழ்த்தட்டைக் காலி பண்ணிப் பூட்டிட்டேன். பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஏதாவது வளர்ந்தா அதையும் திறக்காம நேரா அங்கேயே அனுப்பிடவா?


மைக்ரோ டாக்டர்:

ஆமாம். பாட்டில் பாசிட்டிவ் ஆனால் ஊசி குத்தி சப்கல்ச்சர் எடுக்க முயல வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.